ஆர்விட் காங்கஸ் துப்பாக்கி மாற்றிய வருஷம்

நவம்பர் பிறந்து நாலு நாளாகியும் ஆர்விட் காங்கஸ் துப்பாக்கிப் பெட்டியைத் திறக்கவில்லை. மற்ற வருஷங்களில் அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்குள் துப்பாக்கி சமையலறை மேசைக்கு வந்துவிடும். எண்ணெய்த் துணியும் குழல் துடைக்கிற கம்பியும் சர்க்கரை டப்பாவோடு முட்டிக்கொண்டு கிடக்கும். டார்லீன் கத்துவாள். அவன் "அஞ்சே நிமிஷம்" என்று சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பான். இந்த வருஷம் மேசை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அந்தச் சுத்தம்தான் அவளை உறுத்தியது.

சுப்பீரியர் ஏரிக்குத் தெற்கே அந்தக் காட்டுச் சீமையில் நவம்பர் பதினைந்து மான் வேட்டை திறக்கிற நாள். பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுவார்கள். மர ஆலையில் ஆள் இருக்காது. கல்யாணத்தைக்கூட அந்த வாரத்தில் வைக்கமாட்டார்கள். வைத்தால் மாப்பிள்ளையே வருவானா என்பது சந்தேகம்.

டார்லீன் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை பார்க்கிறாள். காலையில் அறுபது தட்டு, மதியம் அறுபது தட்டு. அன்றைக்கும் வேலை முடிந்து வந்து, வீட்டுக்குப் பேஸ்டி செய்துகொண்டிருந்தாள். மாவை வட்டமாகத் தேய்த்து, உருளைக்கிழங்கும் வெங்காயமும் மஞ்சள் முள்ளங்கியும் இறைச்சியும் வைத்து மடித்து ஓரத்தை முறுக்குகிற வேலை. இறைச்சி கடையில் வாங்கிய மாட்டிறைச்சி. குளிர்பெட்டியின் அடியில் மூன்று வருஷத்துக்கு முந்தைய மான்கறிப் பொட்டலம் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. அதை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

ஆர்விட் வந்து பூட்ஸைக் கழற்றினான். வலது கையை மேலே தூக்காமல், இடது கையாலேயே கோட்டை உரித்தான். இரண்டு வருஷத்துக்கு முன் மேப்பிள் மரம் ஒன்றை அறுத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து மரத்தின் பட்டுப்போன கிளை முறிந்து தோளில் விழுந்தது. காறை எலும்பு மூன்று துண்டு. எஃகுத் தகடு வைத்து ஏழு திருகு முடுக்கியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு ரம்பம் பிடிக்கவில்லை. ஆலை முற்றத்தில் லாரியில் வந்து இறங்கும் மரங்களைக் கோல் வைத்து அளந்து எழுதுகிற வேலை.

"வெய்ன்கிட்ட சொல்லிடு. இந்த வருஷம் கேம்ப்புக்கு நான் வரல" என்றான், கை கழுவிக்கொண்டே.

வெய்ன் டார்லீனின் தம்பி. அவர்கள் அப்பா கட்டிய காட்டுக்குடிசையில் முப்பது வருஷமாக மச்சான்கள் இரண்டு பேரும்தான் சேர்ந்து வேட்டைக்குப் போகிறவர்கள்.

"ஏன்?"

"ஆலையில ஆள் இல்ல."

"ஆலையே அன்னைக்கு மூடித்தான கெடக்கும்?"

"அப்ப தோள் வலின்னு சொல்லிடு."

"வலிக்குதா?"

அவன் துண்டில் கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். "பேஸ்டி தீயுது பாரு" என்றான். தீயவில்லை.

போன வருஷம் அவன் கேம்ப்பிலிருந்து மூன்றாம் நாளே திரும்பிவிட்டான். கால்சட்டை தொடைவரை நனைந்திருந்தது. "ஒண்ணும் கண்ணுல படல" என்றான். அடுத்து வந்த இரண்டு சனிக்கிழமையும் துப்பாக்கி இல்லாமல் தனியாக அந்தச் சதுப்புக்காட்டுக்குப் போய்வந்தான். கேட்டதற்கு, நடக்கப் போனேன் என்றான். மழையில், இடுப்பளவு சேற்றில், எவன் நடக்கப் போவான்? அவள் அப்போது மேற்கொண்டு கேட்காமல் விட்டது தப்பு என்று இப்போது பட்டது.

மறுநாள் வேலை முடிந்ததும் நேரே ஃபிலிஸ் கடைக்குப் போனாள். ஆணி, கயிறு, தூண்டில், துப்பாக்கி எல்லாம் விற்கிற கடை. புருஷன் செத்த பிறகு பதினாறு வருஷமாக ஃபிலிஸ்தான் நடத்துகிறாள். எழுபது வயது. ஆரம்பத்தில் ஆண்கள் அவளிடம் தோட்டா வாங்குவார்கள், யோசனை கேட்கமாட்டார்கள். இப்போது யோசனை மட்டும் கேட்டுவிட்டுத் தோட்டாவைப் பெரிய ஊரில் மலிவாக வாங்குகிறார்கள் என்பது அவள் குறை.

டார்லீன் விஷயத்தைச் சொன்னாள். ஃபிலிஸ் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"அவன்கிட்ட இருக்கறது முப்பது சைபர் ஆறு துப்பாக்கிதான?"

"ஆமா. அவங்க அப்பாவோடது."

"தகடு வச்ச எடத்துல அது கழுத மாதிரி ஒதைக்குமே. ஒதைக்குன்னு தெரிஞ்சா ஒடம்பு முன்னாடியே பயந்துக்கும். விசைய இழுக்கறதுக்குள்ள கண்ண மூடிக்கும். மனசுக்குத் தெரியாது. ஆம்பளைக்கு அறவே தெரியாது."

"நான் சொன்னா கேக்கமாட்டான்."

"நீ ஏன் சொல்ற? துப்பாக்கியே சொல்லட்டும்." ஃபிலிஸ் இழுப்பறையிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்து அவள் கையில் வைத்தாள். பார்க்க அசல் மாதிரியே இருந்தது. உள்ளே மருந்து கிடையாது. "குறி சரி பாக்கக் கூட்டிட்டுப் போ. தோட்டாவ நீயே போட்டுக் குடு. மூணாவதா இது. வாயத் தொறக்காத."

சனிக்கிழமை காலையில் அவனைச் சரளைக் குழிக்குக் கிளப்பிக்கொண்டு போவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. விற்பதானாலும் குறி சரியாக இருந்தால்தானே விற்க முடியும் என்று ஒரு பொய் சொன்னாள். பனியும் மழையும் கலந்து தூறிக்கொண்டிருந்தது. எழுபது எட்டு எடுத்து வைத்து நடந்து, மண்சரிவில் காகிதத் தட்டு ஒன்றைக் குத்தி வைத்தாள். அவன் வண்டியின் முன்மூடிமேல் மணல் பையைப் போட்டுத் துப்பாக்கியைச் சாய்த்தான்.

முதல் வெடி தட்டுக்குக் கீழே மண்ணைக் கிளப்பியது. இரண்டாவது தட்டின் ஓரத்தைக் கிழித்தது.

"காத்து" என்றான்.

காற்றே இல்லை. அவள் மூன்றாவதைப் போட்டுக் கொடுத்தாள்.

அவன் விசையை இழுத்தான். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஆனால் வெடிக்காத அந்தத் துப்பாக்கியின் முனை ஒரு சாண் கீழே குத்தியது. அவன் தோள் முன்னால் துள்ளியது. கண் இறுக மூடியிருந்தது. மூடிய கண்ணை அவன் திறந்தபோது இரண்டு பேருமே துப்பாக்கி முனையைத்தான் பார்த்தார்கள்.

அவன் பூட்டைத் திறந்து அந்தத் தோட்டாவை வெளியே தள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

"யாரு குடுத்தா?"

"ஃபிலிஸ்."

"ஊர்ல இன்னும் யார் யார்கிட்ட சொல்லிவச்ச?"

"வேற யாருமில்ல."

அவன் போய் வண்டிக்குள் உட்கார்ந்து கதவை அடித்துச் சாத்தினான். அவள் தூறலில் நின்று மணல் பையை எடுத்து வைத்தாள், வெற்றுத் தோட்டாக் குப்பிகளைப் பொறுக்கினாள், துப்பாக்கியை உறையில் போட்டுப் பின்னால் வைத்தாள். பிறகு வேறு வழியில்லாமல் தானும் ஏறி உட்கார்ந்தாள். பிளாஸ்கில் இருந்த காபியை ஊற்றி நீட்டினாள். வாங்கிக்கொண்டான். குடிக்கவில்லை.

"போன வருஷம் ஒண்ண அடிச்சேன்" என்றான். "பொட்ட மான். அறுபது எட்டுத் தூரம்கூட இருக்காது. பக்கவாட்டுல நின்னுது. குருடன்கூட அடிப்பான்."

அவள் பிளாஸ்கை மூடினாள்.

"வயித்துல பட்டிருக்கு. பச்சையா ஒழுகியிருந்துது, ரத்தம் கம்மி. அன்னைக்குப் பூரா தேடினேன். மறுநாளும் தேடினேன். சீடார் மரச் சதுப்புக்குள்ள போயிடுச்சு. வயித்துல பட்டது சாக எவ்ளோ நேரமாகும், தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"வெய்ன்கிட்ட சொல்லல. அவன் கேட்டான், வெடிச் சத்தம் கேட்டுதேன்னு. கட்டையில சுட்டேன்னேன்." கண்ணாடியில் வழிந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நாப்பது வருஷத்துல நான் அப்பிடி ஒண்ண விட்டதில்ல டார்லீன். இனிமே சுடவேண்டாம்னு இருக்கேன். அவ்ளோதான்."

"சுடவேண்டாம்னா சுடாத" என்றாள். "ஆனா சுடத் தெரியாமப் போச்சுன்னு நெனச்சுக்கிட்டு விடாத. உனக்குச் சுடத் தெரியும். அந்தத் துப்பாக்கிதான் உனக்கு ஒத்துக்கல."

"சின்னத் துப்பாக்கி வாங்கச் சொல்ற."

"ஆமா."

"பெருசுலயே மான் தப்பிச்சு ஓடிச்சு. சின்னதுல அடிச்சா எவ்ளோ தூரம் ஓடும்? யோசிச்சுப் பாத்தியா?"

அவளுக்கும் அது நியாயமான கேள்வி என்றுதான் தோன்றியது.

அந்தக் கேள்வியை அவன் ஃபிலிஸிடமே கேட்டான். மூன்று நாள் கழித்து, ஆலையிலிருந்து வருகிற வழியில், தானாகவே போய்க் கேட்டான். டார்லீனைக் கடை வாசலுக்கு வரச் சொல்லிப் போன் மட்டும் பண்ணியிருந்தான்.

ஃபிலிஸ் மூன்று பழைய துப்பாக்கிகளை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வரிசையாகப் படுக்க வைத்தாள். "முந்நூத்தி எட்டு. ஏழு எம்எம் சைபர் எட்டு. இருநூத்தி நாப்பத்தி மூணு. பெருசுலேருந்து சின்னது."

ஆர்விட் கை முதலில் முந்நூற்று எட்டுக்குப் போனது. "இது போதாதா?"

"இது ஒங்கப்பன் துப்பாக்கிக்குச் சித்தப்பன் மகன். ஒதையும் கிட்டத்தட்ட அதேதான்."

"அந்தச் சின்னது சின்னப் பசங்களுக்கு வாங்கிக் குடுக்கறது."

"சின்னப் பசங்களுக்கு ஏன் குடுக்கறாங்க? பயப்படாமச் சுடட்டும்னு குடுக்கறாங்க. அந்தப் பசங்க மான் அடிச்சுட்டு வரல? மானு வந்து குண்டு எத்தன நம்பர்னு கேக்குதா?"

"எலும்புல பட்டா?"

"எலும்புல ஏன் அடிக்கற? நெஞ்சுக்கூட்டுல, முன்னங்காலுக்குப் பின்னாடி அடி. சின்னக் குண்டு அங்க போச்சுன்னா மான் நூறு எட்டு தாண்டாது. பெரிய குண்டு வயித்துல போச்சுன்னா மைல் கணக்குல ஓடும்." ஃபிலிஸ் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். அந்தப் பெட்டை மானைப் பற்றி டார்லீன் அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. "ஆனா ஒண்ணு. சின்னதுல தப்புக்கு எடங் கெடையாது, அதையும் சொல்லிடறேன். தூரமா நின்னா விட்டுடணும். கோணலா நின்னா விட்டுடணும். எலைக்குப் பின்னால நின்னா விட்டுடணும். அதுக்கு மனசு இருந்தா இத எடு. இல்லாட்டி நடுவுல இருக்கறத எடு."

கடைக்குப் பின்னால் மண்மேடு போட்டு ஒரு சுடும் இடம் இருந்தது. முந்நூற்று எட்டை ஒரு முறை சுட்டுவிட்டு அவன் பேசாமல் கீழே வைத்தான். ஏழு எம்எம்மில் இரண்டு நன்றாகப் போயின, மூன்றாவது சறுக்கியது. நாலாவதும் சறுக்கியது. ஃபிலிஸ் இருநூற்று நாற்பத்து மூன்றை நீட்டினாள். முதல் வெடிக்கு அவன் முகம் சுளித்தது. பிறகு நின்று தோளைத் தடவிப் பார்த்தான், ஏதோ வரவேண்டியது வரவில்லை என்பதுபோல. அடுத்த நாலையும் நிதானமாகச் சுட்டான். டார்லீன் நடந்து போய் மேட்டில் குத்தியிருந்த காகிதத் தட்டை எடுத்து வந்தாள். நாலு துளையையும் ஒரு காபிக் கோப்பையின் அடியால் மூடிவிடலாம்.

அவன் தட்டைப் பார்க்கவில்லை. "நடுவுல இருக்கறதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு" என்றான்.

ஃபிலிஸ் ஏழு எம்எம்மை எடுக்கக் கை நீட்டினாள்.

"பிடிச்சிருக்கு. ஆனா அதுக்கு நான் பயப்படறேன்." இருநூற்று நாற்பத்து மூன்றின் பூட்டைத் திறந்து, உள்ளே காலியா என்று விரல் விட்டுப் பார்த்தான். "இதுக்குப் பயமில்ல. இதையே குடு."

வெய்னுக்கு விஷயம் தெரிய இரண்டு நாள்கூட ஆகவில்லை. பதினான்காம் தேதி மதியம் மூன்று பேரும் குடிசையில் இருந்தார்கள். டார்லீன் வந்திருந்தது வெய்னுக்கு ஆச்சரியம். வேட்டை திறக்கிற நாளில் அவள் என்றைக்கும் லீவு போட்டதில்லை. "நீ பக்கத்துல ஒக்காந்தா நல்லாருக்கும்" என்று ஆர்விட்தான் கேட்டிருந்தான். முப்பது வருஷத்தில் அவன் அப்படி ஒன்று கேட்டது அவளுக்கு நினைவில்லை. மேற்பார்வைக்காரியிடம் போய் இரண்டு நாள் லீவு வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஆவிக் குளியலுக்கான சௌனா அறையில் கல் சூடேறிக்கொண்டிருந்தது. வெய்ன் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, சுவரில் சாத்தியிருந்த துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்தான்.

"மச்சான், இதுகூட பால் புட்டியும் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. ஒனக்குத்தான் வச்சிருக்கேன்."

"அணில் வேட்டைக்கு ஜோரா இருக்கும். முயல்னா கொஞ்சம் யோசிக்கணும்."

"வெய்ன், வாளி ஒழுகுது. மூடிட்டு அதப் பாரு" என்றாள் டார்லீன்.

"இல்லக்கா, நெசமாத்தான் கேக்கறேன். அப்பா உசுரோட இருந்தா இத உள்ள விட்டிருப்பாரா?"

ஆர்விட் நிமிர்ந்து உட்கார்ந்தான். டார்லீன், அவன் எழுந்து வண்டிச் சாவியை எடுத்துவிடுவானோ என்று பார்த்தாள். அவன் பெஞ்சில் சாய்ந்துகொண்டு, "விட்டிருக்கமாட்டாரு" என்றான். "அவருக்குத் தோள்ல ஏழு திருகு கெடையாது." வெய்ன் துப்பாக்கியைச் சாத்திவிட்டுத் தண்ணீரை எடுத்துக் கல்மேல் ஊற்றினான். ஆவி எழுந்து எல்லார் முகத்தையும் மறைத்தது.

விடிகிற நேரத்தில் ஆர்விட்டும் டார்லீனும் ஹெம்லாக் மரங்களுக்கு நடுவில், பலகை அடித்த மறைவுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் ஆரஞ்சு உடுப்பு. இரவு பெய்த பனி கணுக்கால் அளவு. மூச்சு புகைந்தது. வெய்ன் அரை மைல் தள்ளி மேட்டில் இருந்தான். தூரத்தில் எங்கெங்கோ வெடிச் சத்தம் கேட்டது.

ஏழரை மணிக்கு ஒரு கொம்பன் மான் வந்தது. நல்ல பெரியது. நூற்றைம்பது எட்டு தூரத்தில், தலையைக் கீழே போட்டு, இவர்கள் பக்கம் கோணலாகத் திரும்பி நின்றது. ஆர்விட் துப்பாக்கியைத் தூக்கினான். டார்லீன் மூச்சை நிறுத்திக்கொண்டாள். அவன் துப்பாக்கியின் குறிக் கண்ணாடிவழியே வெகுநேரம் பார்த்தான். பிறகு மெதுவாகத் தாழ்த்தினான். கொம்பன் வாலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

"கோணல்" என்றான், அவள் காதுக்குள்.

அவள் அவன் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினாள். கை விறைத்துப் போயிருந்தது. ஏலக்காய் ரொட்டியைப் பிய்த்து ஆளுக்குப் பாதி தின்றார்கள்.

ஒன்பது மணி தாண்டி இரண்டு வயசுக் கிடாமான் ஒன்று சதுப்பின் ஓரமாக நடந்து வந்தது. நாலு கிளை உள்ள சின்னக் கொம்பு. எழுபது எட்டு. நின்றது. திரும்பிப் பின்னால் பார்த்தது. முழு விலாவும் தெரிந்தது. இந்தத் தடவை டார்லீன் மானைப் பார்க்கவில்லை. அவன் கண்ணையே பார்த்தாள். வெடி வெடித்தபோது அந்தக் கண் திறந்திருந்தது.

மான் துள்ளிக் குதித்துச் சீடாருக்குள் ஓடி மறைந்தது.

காடு அமைதியானது. ஆர்விட் துப்பாக்கியை மடியில் வைத்தான். முகம் வெளுத்திருந்தது.

"ஓடிடுச்சு" என்றான்.

"நல்லாத்தான் சுட்ட. நான் பாத்தேன்."

"சதுப்புக்குள்ளதான் போச்சு. அதே மாதிரி."

"அரை மணி நேரம் பொறுக்கணும்னு நீதான் எப்பவும் சொல்லுவ."

பொறுத்தார்கள். அவள் வாழ்க்கையிலேயே நீளமான அரை மணி நேரம் அதுதான். காபி ஊற்றினாள். அவன் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நேரம் ஆனதும் அவள் எழுந்தாள். அவன் எழவில்லை.

"நீ போய்ப் பாரு" என்றான். "என்னால முடியல."

அவள் தனியாக நடந்தாள். மான் நின்ற இடத்தில் பனி கிளறியிருந்தது, கொஞ்சம் முடி கிடந்தது. ரத்தம் இல்லை. குளம்புத் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனாள். பத்து எட்டு. பதினைந்து. இருபதாவது எட்டில் பனிமேல் சிவப்பாக ஒரு பொட்டு. அடுத்து ஒரு கை அளவு. அதற்கப்புறம் தடமே பார்க்க வேண்டியிருக்கவில்லை. சீடார் பட்டையில் இடுப்பு உயரத்துக்கு ரத்தம் தெறித்திருந்தது, நுரை கட்டிய இளஞ்சிவப்பு. நெஞ்சுக்கூட்டு ரத்தம். விழுந்து கிடந்த மரத்தைத் தாண்டிக் குதிக்கப் போன இடத்தில், குதிக்காமலே, அது படுத்திருந்தது. கண் திறந்தபடி. ஒரு குச்சியால் கண்ணோரம் தொட்டுப் பார்த்தாள். அசைவில்லை.

"ஆர்வி" என்று கூப்பிட்டாள். கல்யாணமான புதிதில் கூப்பிட்ட பெயர் அது. "வா. இங்கதான் இருக்கு."

அவன் ஓடி வந்தான். ஐம்பத்தேழு வயதுக்காரன், பனியில் இரண்டு முறை சறுக்கி விழப் பார்த்து, ஓடி வந்தான். மானின் பக்கத்தில் முழங்காலிட்டு, கையுறையைக் கழற்றி, விலாவில் கையை வைத்தான். முன்னங்காலுக்குப் பின்னால் சுண்டுவிரல் நுனி போகிற அளவுக்கு ஒரு துளை. அந்தத் துளையைத் தொட்டபடி வெகுநேரம் இருந்தான். அவள் நின்ற இடத்திலிருந்தே, சுட்ட இடத்தை எண்ணிப் பார்த்தாள். நாற்பத்தைந்து எட்டு.

மான் காதில் அனுமதிச் சீட்டைக் கட்டி, குடலை எடுத்து முடிக்கிற நேரத்தில் வெய்ன் வந்து சேர்ந்தான். ஒற்றை வெடி கேட்டதால் வந்தேன் என்றான். சுற்றி வந்து பார்த்தான். குனிந்து துளையைப் பார்த்தான், ரத்தத் தடத்தைத் திரும்பிப் பார்த்தான். ஏதாவது சொல்வான் என்று டார்லீன் காத்திருந்தாள். அவன் கயிற்றை எடுத்துக் கொம்பில் முடிச்சுப் போட்டான்.

"ஒரே குண்டா?"

"ஒரே குண்டு."

"ம்" என்றான் வெய்ன். "சுத்தமான வேல."

ஆர்விட் பனியை அள்ளிக் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். நிமிராமலே சொன்னான்.

"வெய்ன், போன வருஷம் நான் கட்டையில சுடல. ஒரு பொட்ட மான வயித்துல அடிச்சு விட்டுட்டேன். தேடிக் கெடைக்கல. உன்கிட்ட பொய் சொன்னேன்."

வெய்ன் முடிச்சை இழுத்து இறுக்கினான். தொப்பியை எடுத்துத் தலையைச் சொறிந்து, மறுபடியும் மாட்டிக்கொண்டான்.

"நான் ரெண்டு விட்டிருக்கேன்" என்றான். "நீ ஆஸ்பத்திரில கெடந்தியே, அந்த வருஷம் ஒண்ணு. அதுக்கு முன்னாடி ஒண்ணு. யார்கிட்டயும் சொல்லல."

மரத்திலிருந்து ஒரு கை பனி நழுவி விழுந்தது.

"சொல்லியிருந்தா நானும் தேட வந்திருப்பேன், மச்சான்" என்றான் வெய்ன்.

"தெரியும்."

"அடுத்த தடவ சொல்லு."

"நீயும் சொல்லு."

வெய்ன் கயிற்றின் ஒரு நுனியைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, மறு நுனியை ஆர்விட்டின் இடது பக்கமாக நீட்டினான். டார்லீன் துப்பாக்கியை வாங்கிக்கொண்டாள். பாதை ஏற்றமாக இருந்தது, பனி மறுபடியும் பிடித்துக்கொண்டது, ஆண்கள் இரண்டு பேரும் மானை இழுத்துக்கொண்டு, ஈரலை வெங்காயத்தோடு வதக்குவதா வெண்ணெயில் மட்டும் வதக்குவதா என்று சண்டை பிடித்துக்கொண்டே நடந்தார்கள்.